கண்டவர் சொல்லட்டும்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த டீச்சர்களுக்கும், வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாமார், அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

எர்ணாகுளத்தில் நான் என்ன படிக்கிறேன் என்று பேசச் சொன்னார்கள். வழக்கமான ஓவியம், வழக்கமான சினிமா என்ற வேலிக்குள் அடங்காமல் இந்த மண்ணில் செய்துபார்க்கப்பட்ட கலைகளையும் ஊடக முயற்சிகளையும் படிக்கிறேன். சோதனைக் கலை என்கிறோம். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கலைகள் பெரும்பாலும் தங்குவதில்லை. ஒன்று ஒரு ராத்திரி நடக்கும், விடிந்தால் இருக்காது. இன்னொன்று ஒரு கிடங்கில் சில மாதம் இருக்கும், பிறகு கழற்றிவிடுவார்கள். மற்றொன்று பள்ளிக்கூட மைதானத்தில் திரை கட்டி ஓடும், ஓடி முடிந்ததும் புரொஜக்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மிஞ்சுவது பார்த்தவர்களின் நினைவுதான். அதை எழுதிவைக்காமல் இந்தக் கலைகளின் வரலாற்றை எழுத முடியாது. நம் சித்தூர் தாலுகாவில் பார்த்தவர்களில் பலர் தமிழ் பேசுகிறவர்கள். கண்டவர் விண்டிலர் என்பார்கள். இங்கே கண்டவர்களைக் கேட்டவர்களே குறைவு.

முதலில் தோல்பாவைக்கூத்து. பாரதப்புழைக் கரையை ஒட்டி பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில் நடப்பது. தை மாதவாக்கில் தொடங்கி வெயில் காலம் முழுக்க நடக்கும். கோயிலுக்கு எதிரே கூத்துமாடம் என்று தனிக் கட்டடம் இருக்கும். நீளமான அந்த மாடத்தில் 42 அடிக்குத் திரை கட்டுவார்கள், ஆயப்புடவை என்று பெயர். அதன் பின்னால் 21 விளக்குகள். தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வரிசையாக ஏற்றுவார்கள். மான் தோலில் வெட்டிய பாவைகளின் நிழல் அந்தத் துணியில் விழும். சில கோயில்களில் 7 நாள், சிலவற்றில் 14, 21, 41, சிலவற்றில் 71 நாள் வரை ராத்திரி ராத்திரியாக ராமன் கதை நடக்கும். தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் ராவண வதத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக இந்தக் கூத்து என்பது நம்பிக்கை.

பாடுவது கம்பன் பாட்டு. ஆட்டுகிறவருக்குப் பெயர் புலவர். நம் படிப்பாளிகள்கூட இதைக் கேரளக் கலை என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. தலைமுறை தலைமுறையாக வாய்ப்பாடமாக வந்த தமிழ் விருத்தம், அதற்கு மலையாளமும் தமிழும் கலந்த உரை, உரைக்கு நடுவே இரண்டு புலவர்கள் ஒருவரை ஒருவர் மடக்கும் கேள்வி, கேள்வியைப் பிடித்துக்கொண்டு இலக்கணத்துக்கும் தத்துவத்துக்கும் ஓடித் திரும்பும் பேச்சு. இவ்வளவும் விடிய விடிய. கம்பனை இத்தனை நேரம், இத்தனை ராத்திரி விடாமல் பேசுகிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

ஒற்றப்பாலம் பக்கத்தில் ஒரு பகவதி கோயிலில் வகுப்புத் தோழிகளோடு இதைப் பார்த்தேன். நடுச்சாமத்துக்குப் பிறகு எதிரே ஆள் என்று பார்த்தால் துண்டு விரித்துப் படுத்திருந்த இரண்டு மூன்று பெரியவர்கள்தான். மாடத்துக்குள் உட்கார அனுமதித்தார்கள். விளக்குகளின் அனல் முகத்தில் அடித்தது. புலவர் ஒரு பாட்டைச் சொல்லி முடித்ததும் என் மலையாளித் தோழி காதருகே வந்து பொருள் கேட்டாள். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. புரியாத கால்வாசியை அவளே உரையிலிருந்து பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் முழுக்கூத்தும் கிடைத்தது. எல்லையில் வளர்ந்ததை ஒரு குறையாகவே நினைக்கப் பழக்கப்பட்டவள் நான். அன்று ராத்திரி அதை ஒரு தகுதியாக உணர்ந்தேன்.

பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் அது கலைதானா என்று எங்கள் வகுப்பில் வெளிநாட்டுக் கலைஞர்களை வைத்து வாரக்கணக்கில் விவாதிப்பார்கள். கூத்துமாடத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. தேவி பார்க்கிறாள், ஆகவே ஒரு பாட்டும் குறையாமல் பாட வேண்டும், அவ்வளவுதான். காணிக்கை கொடுத்தவர்களின் பேரைச் சொல்லிப் புலவர் வாழ்த்துகிற பகுதி ஒன்று உண்டு. அந்தப் பேருக்குரியவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். ஆனாலும் ராமன் கதைக்கு நடுவே தேவர் சபையில் அவர் பேர் சொல்லப்படும். யாருக்காக ஆடுகிறார்கள், யார் பணத்தில் ஆடுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளை அங்கேதான் கற்றுக்கொண்டேன். பிறகு எந்தக் கலையைப் பார்த்தாலும் அந்த இரண்டையும்தான் முதலில் கேட்கிறேன்.

இந்தக் கூத்தைக் கோயிலுக்கு வெளியே மேடைக்குக் கொண்டுவந்தவர் ஷொர்ணூருக்குப் பக்கத்தில் கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர். அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் குடும்பம் காந்தி கதையைப் பாவையில் செய்தது. அண்மையில் இயந்திரம் ஆட்டும் பாவைகள் வரை வந்திருக்கிறார்கள். பத்திரிகைகள் இயந்திரத்தைத்தான் பெரிதாகப் போட்டன. எனக்கு அதைவிடப் பெரிய சோதனையாகத் தெரிவது, புலவரின் மகள் ரஜிதா தலைமையில் பெண்கள் மட்டுமே ஆட்டும் குழு ஒன்று வந்தது. இயந்திரம் கையைத்தான் மாற்றுகிறது. திரைக்குப் பின்னால் பெண் நிற்கும்போது கதை சொல்கிற குரலே மாறுகிறது. பழங்கலை கெட்டுவிடும் என்று அஞ்சுகிற பெரியவர்களின் அச்சத்தையும் நான் மதிக்கிறேன். அவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு, முழு ராத்திரியும் பாடத் தெரிந்த புலவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இனி மலம்புழா அணை. பள்ளியிலிருந்து டூர் போகாதவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டீர்கள். பூங்காவில் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் முடித்த யட்சி சிலை, ஏறக்குறைய முப்பது அடி உயரம், துணியில்லாமல் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். காசர்கோட்டுக்காரரான கானாயி படித்தது சென்னை ஓவியக் கல்லூரியில். அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1911-ல் நம் கோயம்புத்தூரில் பிறந்தவர். எழுத்தையும் கணக்குக் குறிகளையும் ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர். 1966-ல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். துணி ஓவியம் போன்ற கைவேலைகளை விற்று வரும் வருமானத்தில் கலைஞர்கள் சொந்தக் காலில் நிற்பது அங்கே ஏற்பாடு. யார் பணத்தில் என்ற கேள்விக்கு அது ஒரு விடை.

யட்சி எழும்போது எதிர்ப்பு கிளம்பியது என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், சொன்னது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கல்யாணமான புதுசில் அணை பார்க்கப் போனபோது, அந்தப் பக்கம் திரும்பாமல் நடங்க என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே வந்தார்களாம். அம்மாயி திரும்பிப் பார்த்திருக்கிறார். "அவ பாட்டுக்கு உக்காந்திருக்கறா, நம்மள எங்க பாக்கறா. எனக்கு அவளப் பாத்து வெக்கமே வரல கண்ணு, அப்படி உக்கார ஒரு எடம் கெடைச்சுதே அவளுக்குன்னுதான் தோணுச்சு" என்றார். அந்தச் சிலையைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். அம்மாயி சொன்ன அளவுக்குச் சிலையின் பக்கத்தில் போன வரி அவற்றில் இல்லை. அவர் ஒப்புதலோடு அதை என் ஆய்வேட்டில் அப்படியே சேர்த்திருக்கிறேன்.

அடுத்து சினிமா. 1977-ல் தமிழில் அக்கிரகாரத்தில் கழுதை என்ற படம் எடுத்து தேசிய விருது வாங்கிய ஜான் ஆபிரகாம் ஒரு மலையாளி என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1984-ல் அவரும் நண்பர்களும் கோழிக்கோட்டில் ஒடேசா என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். தயாரிப்பாளர் வேண்டாம், பார்க்கிறவர்களே பணம் போடட்டும் என்றார்கள். ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார்கள், துண்டேந்தினார்கள். மக்கள் கொடுத்த அந்தப் பணத்தில் 1986-ல் வந்தது அம்மா அறியான், அம்மா அறிவதற்காக என்று பொருள். அதையும் தியேட்டருக்குக் கொடுக்காமல் ஊர்களுக்கே எடுத்துப் போய்க் காட்டினார்கள். மறு வருடமே ஜான் இறந்துபோனார். அதே 1987-ல் சிற்பி கே.பி. கிருஷ்ணகுமாரும் தோழர்களும் பரோடாவில் கண்காட்சி வைத்து, விலைக்குப் போகிற பண்டமாகக் கலை ஆகக்கூடாது என்று அறிக்கை விட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த அனிதா துபே 2018-ல் கொச்சி பினாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியின் பொறுப்பாளராக வந்தார். ஒரு தலைமுறை கழித்துத் தொடர்பு எங்கே போய்ச் சேருகிறது பாருங்கள்.

கொச்சி பினாலே 2012-ல் தொடங்கியது, 2014 முதல் மாணவர்களுக்கும் தனி அரங்கு உண்டு. அதைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள், நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2016-ல் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா ஆஸ்பின்வால் கிடங்கில் கடல் தண்ணீரைக் கட்டி நிறுத்தி, அதற்குள் கால் நனைய நடந்துபோய்ச் சுவரில் இருக்கும் வரிகளைப் படிக்க வைத்தார். கடலில் மூழ்கிச் செத்த சிரிய அகதிக் குழந்தை ஒன்றுக்கான படைப்பு. நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தது, எப்படி நாறியது, நனைந்த சேலையோடு வெளியே வந்தவர் என்ன செய்தார் என்பது படத்தில் தெரியாது. போனவர்கள் சொன்னால்தான் உண்டு.

இப்போது நம் வாசலுக்கே வருகிறேன். பிளாச்சிமடை. இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனதற்காக, குளிர்பான ஆலை வாசலில் 2002 ஏப்ரல் 22-ல் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. எரவாளர் பழங்குடியில் பிறந்த மயிலம்மா முன்னால் நின்றார், 2007-ல் காலமானார். போராட்டத்தைக் கூடவே இருந்து வீடியோவில் எடுத்தவர்கள் சி. சரத்சந்திரனும் பி. பாபுராஜும். வருடக்கணக்கில் எடுத்தார்கள். எடுத்ததைத் தொலைக்காட்சிக்காகக் காத்திருக்காமல், சரத்சந்திரன் தாமே புரொஜக்டரோடு ஊர் ஊராகப் போய்ப் போட்டுக் காட்டினார். ஒடேசா விட்ட இடத்திலிருந்து தொட்டவர் என்றே அவரைச் சொல்வேன். 2010-ல் ரயிலிலிருந்து விழுந்து இறந்தார்.

அந்தப் படங்களைக் கல்லூரியில் திரையிட்டபோது, அதில் பேசுகிறவர்களின் பேச்சு என் ஊர்ப் பேச்சாக இருந்தது. தமிழும் மலையாளமும் பிரித்தெடுக்க முடியாமல் கலந்த பேச்சு. வகுப்பில் மற்றவர்கள் கீழே ஓடிய எழுத்தைப் படித்துக்கொண்டிருக்க, நான் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தில் வராதவை நிறைய இருந்தன. ஒரு பெண் கோபத்தில் பேசிக்கொண்டே வந்து கடைசி வாக்கியத்தில் குரலைத் தாழ்த்துகிறார், அந்தத் தாழ்த்தலில் ஒரு வசவு இருக்கிறது. அது இந்தப் பக்கத்துக்காரருக்கு மட்டும் கேட்கும். அதைக் கேட்டு எழுதுகிற வேலை நம்முடையது. வெளியூர் ஆய்வாளர்கள் எவ்வளவு அக்கறையோடு வந்தாலும் அவர்களால் முடியாது.

1956 நவம்பரில் மாநிலக் கோடு போட்டபோது நாம் இந்தப் பக்கமே நின்றோம். அதற்கு முன்பு சித்தூர் கொச்சி ராஜ்யத்திலும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. தமிழ்நாட்டில் கலை வரலாறு எழுதுகிறவர்களுக்கு நாம் கேரளம். கேரளத்தில் எழுதுகிறவர்களுக்கு நாம் தமிழர். இரண்டு வரலாற்றிலும் நாம் பார்வையாளராகக்கூட இல்லை. யாராவது வந்து எழுதுவார்கள் என்று இனியும் காத்திருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்தேன்.

என் வேலையை இந்த வாசகசாலையில் தொடங்க நிர்வாகிகள் ஒரு மேசையும் ஓர் அலமாரியும் தந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய வீடியோ கேசட், ஆடியோ கேசட் இருக்கும். திருவிழாவில் போட்ட நாடகம், பந்தலில் பாடிய பாட்டு, வாடகைக் கேமராவில் எடுத்த ஊர்க்கூட்டம், எதுவானாலும் சரி. நாடக நோட்டீஸ் இருந்தால் அதுவும். உலகத்தில் கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த கம்பெனியே 2016-ல் நிறுத்திவிட்டது. போட்டுப் பார்க்கிற மெஷின் ஒவ்வொன்றாக ரிப்பேராகிக்கொண்டிருக்கிறது, நம் மழைக்கு நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. வெள்ளையாகப் படிந்திருந்தால் துடைக்க வேண்டாம், ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், நாடா அறுந்துவிடும். வெயிலில் காய வைக்காமல் அப்படியே ஒரு காகித உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அசலையும் பிரதியையும் உங்களிடமே தந்துவிடுவோம், காசு எதுவும் வேண்டாம். கேசட் இல்லாதவர்கள், கூத்தோ படமோ சிலையோ பார்த்தது ஞாபகம் இருந்தால், வீட்டில் பேசுகிற பேச்சிலேயே வந்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இங்கே இருப்பேன். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் விலாசத்தைச் செயலாளரிடம் கொடுங்கள், வீட்டுக்கு நாங்களே வருகிறோம்.