கன்றின் உடலில் மருந்து போகும் வழி

நேயர்களுக்கு வணக்கம். கன்று கழியத் தொடங்கியதும், "பெரிய மாட்டுக்கு நாலு மாத்திரை என்றால் இதற்கு ஒன்று போதுமே" என்று பாலில் கரைத்துப் புகட்டுகிறவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். அக்கறையில் செய்வதுதான். அந்த மாத்திரை உள்ளே போய் என்ன ஆகிறது என்று தெரிந்தால் யாரும் அப்படிக் கொடுக்க மாட்டார்கள்.

மாட்டுக்கு வயிற்றில் நாலு அறை. அசைபோட உதவும் பெருவயிறு, பிறந்த கன்றில் சின்னதாகத்தான் இருக்கும். நாலாவது அறைதான் பெரியது. கன்று மடியைச் சப்பும்போது உள்ளே ஒரு தசை மடிப்பு குழாய் மாதிரி மூடிக்கொள்ள, பால் நேரே நாலாவது அறைக்குப் போய்விடும். பாலில் கலந்த மருந்தும் கூடவே போகும். அது டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக், அதாவது பாக்டீரியாக் கிருமிகளைக் கட்டுப்படுத்தும் மருந்து என்றால், பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்து அதைப் பிடித்துக்கொள்ளும். அப்படிச் சிக்கிய மருந்து ரத்தத்தில் ஏறாமல் சாணத்தோடு போய்விடும். அதையே தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் கூடுதலாக ஏறும். ஏறியதில் கொஞ்சம், வளர்கிற எலும்பிலும் பல்லிலும் போய்ப் படியும். காரணம் அதே சுண்ணாம்புச்சத்துதான்.

ஊசி மருந்தின் கதை வேறு. பிறந்த கன்றின் உடம்பில், பெரிய மாட்டைவிட அதிகமாக, சுமார் முக்கால் பங்கு தண்ணீர். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாதிரி நீரில் கரையும் மருந்து அந்த நீரில் பரவும். ஒரு கை உப்பைக் குடத்தில் போடுவதற்கும் தொட்டியில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி, எடைக்கு எடை ஒரே அளவு போட்டாலும் கன்றின் ரத்தத்தில் மருந்து நீர்த்துத்தான் இருக்கும். அப்போ கூட்டிப் போடலாமா? கூடாது. முதல் சில நாட்களில் கன்றின் சிறுநீரகத்துக்கு முழு வேகம் வந்திருக்காது. போன மருந்து வெளியேற அதிக நேரம் பிடிக்கும். ஜென்டாமைசின் சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடியது. இதில் கன்று கழிந்து கழிந்து கண் குழி விழுந்து கிடந்தால், உடம்பில் நீரும் வற்றி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைந்திருக்கும். பெரிய மாட்டுக் கணக்கில் போட்ட ஊசி அங்கே தேங்கிவிடும். அதனால்தான் மருத்துவர் முதலில் உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுக்கச் சொல்கிறார். பல கழிச்சல்கள் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது.

கல்லீரலும் அப்படித்தான். சில மருந்துகளை உடைக்கும் திறன் அதற்கு வாரக்கணக்கில்தான் வந்து சேரும்.

அப்புறம் கன்று வைக்கோல் கடிக்கத் தொடங்கும். பெருவயிற்றில் நுண்ணுயிர்கள் குடியேறும். அந்த வயதில் வாய்வழி ஆன்டிபயாடிக் கொடுத்தால், தீனியைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களும் சேர்ந்து சாகும். இரண்டு வாரக் கன்றுக்கு எழுதிய சீட்டை நாலு மாதக் கன்றுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு மிகவும் மனக்கஷ்டம் தருவது இன்னொரு பழக்கம். ஊசி போட்ட பசுவின் பாலை விற்கக் கூடாத நாட்கள் உண்டு. மருந்து லேபிளில் நாள் குறிப்பிடாவிட்டால் பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று 2012 முதல் விதி இருக்கிறது. விற்க முடியாத அந்தப் பாலைக் கன்றுக்கு ஊற்றுகிறோம். நோயைத் தீர்க்கப் போதாத அளவு மருந்து தினமும் அதன் குடலுக்குப் போகிறது. மருந்துக்கு அடங்கும் கிருமிகள் செத்து, அடங்காதவை பெருகுகின்றன. பிறகு கன்றுக்கு நிஜமாகவே நோய் வரும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். அந்தப் பாலைக் குழி வெட்டி ஊற்றிவிட்டு, கன்றுக்கு வேறு மாட்டின் பாலைக் கொடுங்கள்.