கே.பி. சுந்தராம்பாள்: மேடை தந்த குரல்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் இசை ரசிகப் பெருமக்களே, வணக்கம்.

"கே.பி. சுந்தராம்பாளின் புகழுக்குப் பெரிதும் காரணம் நாடக மேடையா, வெள்ளித்திரையா?" மேடையே என்று வழக்காட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "1953இல் 'ஔவையார்' வந்திராவிட்டால் அந்த அம்மாவை யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். அவரை நான் ஒன்று கேட்கிறேன். சுந்தராம்பாளின் முதல் படம் 'நந்தனார்', 1935. சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அதுவரை ஒரு படத்தில்கூடத் தலைகாட்டாதவருக்கு எதை நம்பி ஐயா கொடுத்தார்கள்? நாடகக் கொட்டகையில் விடிய விடிய உட்கார்ந்து அவர் பாட்டைக் கேட்ட கூட்டத்தை நம்பிக் கொடுத்தார்கள்!

அந்த மேடை என்ன லேசுப்பட்டதா? 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழுது பாடும் சிறுவனாக ஏறியவர் அவர். பிறகு ஸ்பெஷல் நாடகம். நாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், ஒத்திகை கிடையாது. 'வள்ளி திருமணம்' நாடகத்தின் தர்க்கக் காட்சியில் வேலன் பாட்டாலே மடக்குவார், வள்ளி அந்தச் சுருதி இறங்காமல் பாட்டாலே திருப்பிக் கொடுக்க வேண்டும். மைக் இல்லாத காலம். கடைக்கோடியில் நிற்பவன் காதிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழ வேண்டும். எதிரே நின்றவர் யார்? நாடக உலகின் பெரும் பாடகர் செங்கோட்டை கிட்டப்பா! இலங்கையில் அவரோடு ஜோடி சேர்ந்து, ஈடுகொடுத்துப் பாடி நின்றார் நம் கொடுமுடிப் பெண்.

1967இல் வந்த 'கந்தன் கருணை'யைப் பாருங்கள். கொடியது எது, பெரியது எது என்று முருகன் கேட்கக் கேட்க, ஔவை பாட்டிலேயே விடை சொல்கிறாள். அறுபதை நெருங்கும் வயதில் அந்தக் கணீர்க் குரல்! நடுவர் அவர்களே, அது பழைய கொட்டகைத் தர்க்கம்தான். கேமரா அதைப் படம்பிடித்தது, அவ்வளவே.

1933இல் அவருடைய கணவராகிவிட்டிருந்த கிட்டப்பா மறைந்தார். இருபத்தைந்து வயது சுந்தராம்பாள் வெள்ளைக் கதர் உடுத்தி, இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். காதல் காட்சியை நம்பிப் பிழைக்கும் சினிமாவில் அப்படிப்பட்ட நடிகைக்கு என்ன வேலை? நந்தனாராக ஆண் வேடமே கட்டினார். மேடையில் ஆண் வேடம் கட்டிப் பழகியவருக்கு அது கைவந்த கலை. பின்னாளில் ஔவையார், கவுந்தியடிகள் என்று அவருடைய விரதத்துக்குத் தக்க வேடத்தைச் சினிமாதான் தேடிப் போனது.

இன்னொன்று. 'ஔவையார்' வெளிவருவதற்கு முன்பே, 1951இல், அவர் சென்னை சட்ட மேலவை உறுப்பினராகிவிட்டார். சத்தியமூர்த்தி அழைத்தார் என்று காங்கிரஸ் மேடைகளில் ஏறிப் பாடிக் கூட்டம் சேர்த்த குரலுக்குக் கிடைத்த நாற்காலி அது. 'ஔவையார்' வருமுன்பே நாற்காலி வந்தது எப்படி என்று எதிரணியில் அடுத்துப் பேச வரும் அம்மா பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.