மீட்கும்பொருளை வாங்கியது யார்?

நண்பர்களே, அநேகரை மீட்கும்பொருளாகத் தம் ஜீவனைக் கொடுக்க வந்ததாக மாற்கு 10:45இல் இயேசு சொல்கிறார். சரி, மீட்கும்பொருள் என்றால் யாரோ அதைக் கைநீட்டி வாங்கியிருக்க வேண்டுமே. யார் அவர்?

நான்காம் நூற்றாண்டில் பிஷப்புகளான இரண்டு நண்பர்கள் இதற்கு எதிரெதிராகப் பதில் சொன்னார்கள். இருவர் பெயருமே கிரகோரி. பிசாசுதான் வாங்கினான் என்றார் நிசாவின் கிரகோரி. கிறிஸ்துவின் மனித உடல் இரை, அதற்குள் மறைந்திருந்த தெய்வத்தன்மை தூண்டில் முள். பிசாசு மீனைப் போல விழுங்கி மாட்டிக்கொண்டானாம். நசியான்சின் கிரகோரிக்கு இது பொறுக்கவில்லை. கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே விலையாகக் கொடுப்பதா என்று கேட்டார். பிதாவுக்குக் கொடுத்தது என்றாலும் விடவில்லை. நம்மைச் சிறைப்பிடித்தவர் அவர் இல்லையே!

381இல் கூடிய கான்ஸ்டாண்டிநோபிள் திருச்சபைச் சங்கத்தில் இருவரும் இருந்தார்கள். அதன் பெயரால் வழங்கும் விசுவாசப் பிரமாணமோ, 'நமக்காக' அறையப்பட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம் ஆன்செல்ம் என்ற இறையியலாளர். 1098இல் முடித்த நூலில், பிசாசுக்கு எந்த உரிமையும் கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டார். பாவம் என்பது கடவுளுக்குச் சேரவேண்டிய மதிப்பைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது. ஒன்று ஈடு செய்யவேண்டும், இல்லாவிட்டால் தண்டனை. கிறிஸ்து ஈடு செய்தார், அதனால் தண்டனைக்கு வேலை இல்லை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'நம் தண்டனையை அவர் ஏற்றார்' என்பதை ஆன்செல்ம் தலையில் கட்டுகிறார்கள். அதை முழு உருவில் வளர்த்தவர்கள் 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்கள், முக்கியமாகக் கால்வின். அவர் சட்டம் படித்தவர். கடன் கணக்கு அவரிடம் நீதிமன்ற வழக்கானது. ஆதாரமில்லாமல் சொல்லவில்லை, 'ஆக்கினை அவர்மேல் வந்தது' என்று ஏசாயா 53 இருக்கிறதே.

ஆன்செல்முக்குச் சற்றுப் பின் வந்த இறையியலாளர் அபெலார்டு வேறு பக்கம் திரும்பினார்: சிலுவையின் அன்பு மாற்றுவது நம் மனதை. கீழை (ஆர்த்தடாக்ஸ்) சபைகளுக்குப் பாவம் வழக்கைவிட நோயாகவே அதிகம் தெரிந்தது; நோய்க்கு வேண்டியது மருந்து.

நம் வேதாகமங்களையே எடுங்கள். 1 யோவான் 2:2இல் பழைய மொழிபெயர்ப்பு 'கிருபாதாரபலி' என்கிறது. பொது மொழிபெயர்ப்பு 'கழுவாய்' என்கிறது. முன்னதில் பலி, அது கடவுளை நோக்கியது. பின்னதில் கழுவுதல், அது கறையை நோக்கியது. இரு மொழிபெயர்ப்பாளர்கள் முன்னாலும் இருந்தது ஒரே கிரேக்கச் சொல்தான்.