கண்ணை மூடினால் கோலம் தெரியுமா?

அடுத்த கேள்வி, தங்கச்சிமடத்திலிருந்து ஒரு கல்லூரித் தம்பி. "அண்ணே, எல்இடி வைத்த கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். மணிக்கட்டில் கை அசைவை அளக்கும் சென்சார். கண்ணை மூடிக் கையை ஆட்ட ஆட்ட, கலர் கலராகக் கோலம் தெரிகிறதாம். நிஜமா, டூப்பா? எங்கள் கல்லூரி விழாவில் எல்லோருக்கும் மாட்டிவிடலாமா?"

நிஜம்தான் தம்பி. நீங்களே பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். சாயங்காலம் ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். உச்சிப்புளி பக்கம் தென்னந்தோப்பு வரும்போது, வெயில் விழுகிற பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடுங்கள். வெயில், நிழல், வெயில், நிழல் என்று இமைமேல் தட்டும். பஸ் மணிக்கு 54 கிலோமீட்டரில் போனால் வினாடிக்கு 15 மீட்டர். ஒன்றரை மீட்டருக்கு ஒரு நிழல் என்றால் வினாடிக்கு 10 தட்டு.

அந்தப் பத்தில்தான் விஷயம் இருக்கிறது. கண்ணை மூடிச் சும்மா இருக்கும்போது, மூளையின் பின்பக்கம், பார்வைக்கான பகுதியில், வினாடிக்கு 8 முதல் 13 தடவை துடிக்கும் ஆல்பா அலை என்ற மின் அலை ஓடும். வெளிச்சமும் அதை ஒட்டிய வேகத்தில் தட்டினால், கட்டம், சுருள், சிலந்திவலை என்று மூளையே வரைய ஆரம்பிக்கும். 1958 டிசம்பரில் பிரையன் கைசின் என்ற ஓவியர் பிரான்சில் மார்செய் நகருக்கு பஸ்ஸில் போகும்போது, மர வரிசைக்கு நடுவே இதையே கண்டு அசந்துபோனார். துளை போட்ட உருளைக்குள் பல்பைத் தொங்கவிட்டு, உருளையை இசைத்தட்டு மேசையில் சுழற்றும் கருவி அப்புறம் பிறந்தது.

சரி, கை எங்கே வருகிறது? செக் நாட்டு விஞ்ஞானி புர்க்கின்யே 1819-லேயே எழுதிவிட்டார்: மூடிய கண்ணோடு சூரியன் பக்கம் திரும்பி, விரித்த விரல்களைக் கண் முன்னால் ஆட்டினாராம். என்னைக் கேட்டால் முதல் கருவி அந்தக் கைதான்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கையை வினாடிக்கு ஐந்தாறு தடவைக்கு மேல் ஆட்ட முடியாது. விரல் இடுக்குகள்தான் ஒரு ஆட்டத்தைப் பல மின்னல்களாக்கின. மணிக்கட்டு சென்சாரில் அந்த வேலையை கம்ப்யூட்டர் கோடு (code) செய்ய வேண்டும்: மெதுவாக ஆட்டினால் வினாடிக்கு 8 மின்னல், வேகமாக ஆட்டினால் 12 என்று. கை சும்மா இருந்தாலும் சென்சார் புவியீர்ப்பைக் காட்டும். அதைக் கழிக்காமல் விட்டால், கை அசையாதபோதும் விளக்கு பாட்டுக்கு மின்னும். பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கைக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே தாமதம் தெரிந்தாலும் போச்சு, நம் கைதான் ஆட்டுகிறது என்ற உணர்வே வராது.

விழாவுக்கு? வேண்டாம் தம்பி, கண்டிப்பாக வேண்டாம். மின்னும் வெளிச்சத்தில் வலிப்பு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பலருக்கு அது வரும்வரை தெரியாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் போகிமான் கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் வினாடிக்குச் சுமார் 12 தடவை மாறி மின்னியது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வரிசையில் நிற்கிறவர்களில் யாருக்கு என்ன இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

சென்சாரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடியை விட்டுவிடுங்கள். கை அசைவுக்கு ஏற்ப மேடை விளக்கின் நிறம் மெல்ல மாறட்டும். மின்னவே வேண்டாம். மின்னித்தான் ஆக வேண்டும் என்றால் வினாடிக்கு 3 தடவையைத் தாண்டாதபடி கோடில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.