இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லையா? அளந்து பார்த்தார்கள்!

வணக்கம் நண்பர்களே! "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே கிடையாது." இதைச் சொல்லாத வீடு உண்டா? ஆனால் இதை உண்மையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். பொறுமை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? உங்கள் பதிலை இப்போதே கமெண்டில் போட்டுவிடுங்கள். அப்புறம் மாற்றக்கூடாது!

[திரையில்: மேசை, தட்டு, ஒரே ஒரு மிட்டாய்]

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பாலர் பள்ளி இருக்கிறது. 1960களில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் அங்கே ஒரு சோதனையைத் தொடங்கினார். குழந்தைக்கு முன்னால் ஒரு தின்பண்டம். மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாய்தான் பிற்பாடு பேர்வாங்கியது. "இப்போதே வேண்டுமென்றால் ஒன்று. நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு." இதைச் சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். அவ்வளவுதான் சோதனை.

தனியாக விடப்பட்ட அந்தக் குழந்தைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சிலர் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். சிலர் பாட்டுப் பாடினார்கள். சிலர் தனக்குத் தானே பேசிக்கொண்டார்கள். கையையும் காலையும் வைத்தே விளையாட்டு கண்டுபிடித்தவர்களும் உண்டு. தூங்கிவிட்டால் நேரம் போய்விடும் என்று தூங்கப் பார்த்தவர்களும் உண்டு. அதில் ஒரு குழந்தை நிஜமாகவே தூங்கிவிட்டது! நான்கு வயதில் ஆசையை அடக்க வழி தேடும் அந்த மூளையை நினைத்துப் பாருங்கள். மிட்டாயை முறைத்துப் பார்த்துக்கொண்டே பல்லைக் கடிப்பதில் பயனில்லை, கவனத்தை வேறு பக்கம் திருப்பினால்தான் காத்திருக்க முடியும் என்பதுதான் மிஷெல் கண்டது. அதைச் சில குழந்தைகள் யாரும் சொல்லித்தராமலே செய்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி கார்ல்சன் குழுவினர் 1960கள், 1980கள், 2002 முதல் 2012 வரை என மூன்று காலகட்டத்து முடிவுகளை ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். மொத்தம் 840 குழந்தைகள், வயது 3 முதல் 5. கூடவே, 358 பெரியவர்களிடம் "யார் அதிக நேரம் காத்திருப்பார்கள்?" என்றும் கேட்டார்கள். 72 சதவீதம் பேர், இன்றைய குழந்தைகள் குறைவாகத்தான் காத்திருப்பார்கள் என்றார்கள்.

உண்மை நேர் எதிர். 2000களின் குழந்தைகள் 1960களின் குழந்தைகளைவிடச் சராசரியாக 2 நிமிடமும், 1980களின் குழந்தைகளைவிட 1 நிமிடமும் அதிகமாகக் காத்திருந்தார்கள். 2 நிமிடம் சின்னதாகத் தெரியலாம். இதில் கணக்கில் எடுத்த நேரமே அதிகபட்சம் 10 நிமிடம்தான்!

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 1960களில் மிட்டாய்க்கு முன்னால் உட்கார்ந்த குழந்தைகளுக்கு இன்று 60 வயதைத் தாண்டிவிட்டது. 2000களின் குழந்தைகள் இன்று கல்லூரியிலும் முதல் வேலையிலும் இருக்கிறார்கள். 'பொறுமை இல்லாத தலைமுறை' என்று நாம் திட்டுவது இவர்களைத்தான்.

காரணம்? பாலர் பள்ளிக்குப் போகும் குழந்தைகள் பெருகியது ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். ஒன்றையும் மறைக்கக்கூடாது: சோதனையில் இருந்தவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். எல்லா ஊருக்கும் இதை அப்படியே நீட்ட முடியாது.

பிறகு ஏன் நமக்கு இப்படித் தோன்றுகிறது? ஜான் ப்ரோட்ஸ்கோ, ஜொனாதன் ஸ்கூலர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டது. நிறையப் படிப்பவர்கள்தான் 'பிள்ளைகள் இப்போது படிப்பதே இல்லை' என்று அதிகமாக நினைக்கிறார்கள். இன்று தான் இருக்கும் விதத்தை வைத்துக்கொண்டு, அன்றைய எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் இருந்தார்கள் என்று நினைவு வரைந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், இது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். செய்யாத குற்றத்துக்குத் தினமும் திட்டு வாங்குகிறார்கள்.

வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருந்தால், ஒரு கடலை மிட்டாயை வைத்துப் பாருங்கள். காத்திருந்தால் இரண்டாவதை மறக்காமல் கொடுத்துவிடுங்கள். எத்தனை நிமிடம் என்று கமெண்டில் சொல்லுங்கள். தாத்தா பாட்டிக்கும் ஒன்று வையுங்கள்!