வேட்பாளருக்குப் பக்கத்து நாற்காலி

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு மாட்டுக் கொட்டகையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சான் பிரான்சிஸ்கோவை ஒட்டி ‘கௌ பேலஸ்’ என்று ஒரு பெரிய அரங்கம் இருக்கிறது. கால்நடைக் கண்காட்சி நடத்தக் கட்டியது, பெயரிலேயே மாடு நிற்கிறது. 1964 ஜூலை 14 இரவு அங்கே அமெரிக்கக் குடியரசுக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாடு. நெல்சன் ராக்ஃபெல்லர் மேடை ஏறுகிறார். நியூயார்க் மாநில ஆளுநர். அங்கே ஆளுநர் என்றால் ஜனங்கள் ஓட்டுப் போட்டு வந்தவர், நம் முதலமைச்சர் மாதிரி. அவருக்குக் கொடுத்தது ஐந்து நிமிடம். கட்சிக்குள் ஊடுருவும் தீவிரக் கும்பல்களைக் கண்டிப்போம் என்று ஒரு வரியைக் கொள்கை அறிக்கையில் சேர்க்கச் சொல்லத்தான் வந்திருந்தார்.

பேசவிடவில்லை. மாடத்திலிருந்தும் கீழிருந்தும் கூச்சல். “எங்களுக்கு பேரி வேண்டும்” என்ற கோஷம். ராக்ஃபெல்லர் கோபப்படவில்லை. வாய் ஓரத்தில் ஒரு சிரிப்போடு காத்து நிற்கிறார். கூச்சல் கொஞ்சம் அடங்கினால் ஒரு வாக்கியம், மறுபடி கூச்சல். “இது இன்னும் சுதந்திர நாடுதான், பெரியோர்களே” என்றார். இவ்வளவும் தொலைக்காட்சியில் ஓடுகிறது. கட்சிக்காரனே கட்சிக்காரனைக் கத்தி விரட்டுவதை வீட்டில் உட்கார்ந்து தேசமே பார்த்தது.

அந்த பேரி என்பவர் பேரி கோல்ட்வாட்டர், அரிசோனா செனட்டர். ஆனால் நான் பேச வந்தது அவரைப் பற்றி அல்ல. ஒரு கட்சிக்கு ஒரு வேட்பாளர் வந்து வாய்க்கிறார். தொண்டர்களில் பாதிப் பேர் அவருக்காக உயிரைக் கொடுப்பார்கள், மீதிப் பேர் அவர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டிய தலைவர்கள் என்ன செய்தார்கள்? கை தட்டினார்களா, கையைக் கட்டிக்கொண்டார்களா? அந்தக் கைகளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

கோல்ட்வாட்டர்மேல் அப்படி என்ன பயம்? ஒளிவுமறைவு தெரியாத மனிதர், அதுதான் சிக்கல். கிழக்குக் கடற்கரையை அறுத்துக் கடலில் மிதக்கவிட்டால் நாடு உருப்படும் என்று ஒருமுறை சொன்னார். ஏவுகணை குறி பார்த்து விழும் என்பதற்கு, கிரெம்ளின் ஆண்கள் கழிப்பறைக்குள் ஒன்றைப் போடலாம் என்றார். வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் கியூபா நெருக்கடி முடிந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஊரில் அந்த வேடிக்கைக்கு யார் சிரிப்பார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: 1964 ஜூன் 19 அன்று, இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சிவில் உரிமைச் சட்டம் செனட்டில் 73க்கு 27 என்று நிறைவேறியபோது, எதிர்த்து ஓட்டுப் போட்ட ஆறு குடியரசுக் கட்சியினரில் அவரும் ஒருவர். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1957, 1960இல் வந்த சிவில் உரிமைச் சட்டங்களை அவர் ஆதரித்தவர். கடைக்காரன் யாருக்கு விற்க வேண்டும், முதலாளி யாரை வேலைக்கு வைக்க வேண்டும் என்பதில் மத்திய அரசு தலையிடக் கூடாது என்பதே அவர் வாதம். அவர் வாதம் அவருக்கு. தெற்கில் அந்த ஓட்டை யார் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது வேறு விஷயம், அதற்கு வருகிறேன்.

நம் ஊரில் தலைமை பட்டியல் வெளியிடும், விஷயம் முடிந்தது. அங்கே அப்படி இல்லை. சில மாநிலங்களில் பிரைமரி என்ற உட்கட்சித் தேர்தல். அந்தக் காலத்தில் பெரும்பாலான மாநிலங்களில் வட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகக் கூட்டம் போட்டு, மாநாட்டில் ஓட்டுப் போடும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். வெளியில் குளிர், உள்ளே பத்துப் பதினைந்து பேர், ஆறிப்போன காபி. பெரிய தலைவர்கள் யாரும் எட்டிப் பார்க்காத கூட்டங்கள். கிளிஃப் வைட் என்ற அமைப்பாளர் கோல்ட்வாட்டருக்காக 1961இலிருந்தே ஆட்களைச் சேர்த்து அந்தக் கூட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் பத்திரிகையையும் கருத்துக்கணிப்பையும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். 1964 கோடையில் அவர்கள் கண் விழித்தபோது பிரதிநிதிகளில் பெரும்பாலோர் கோல்ட்வாட்டர் பக்கம் போய்விட்டிருந்தார்கள்.

கடைசித் தடுப்பு ஜூன் 2, கலிஃபோர்னியா பிரைமரி. ராக்ஃபெல்லர் முந்துவார் என்றுதான் பேச்சு. விவாகரத்தான அவர் முந்தின வருடம் மறுமணம் செய்திருந்தார். ஊர் வாய் மெல்ல மூடிக்கொண்டு வந்த நேரத்தில், வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்னால் புது மனைவிக்கு மகன் பிறந்தான். பழைய பேச்செல்லாம் மறுபடி கிளம்பிவிட்டது. கோல்ட்வாட்டர் சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தக் குழந்தைதான் கவிழ்த்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல நேரம் பார்த்துப் பிறந்த பிள்ளை என்றும் சொல்ல முடியாது.

சரி, இனி பக்கத்து நாற்காலிக்காரர்கள்.

முதலில் ஐசனோவர். எட்டு வருடம் அதிபர், இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவை மீட்ட தளபதி. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மே மாதக் கடைசியில் ஒரு பத்திரிகையில் எழுதினார்: நல்ல வேட்பாளருக்கு இன்ன இன்ன குணம் வேண்டும். பெயர் சொல்லவில்லை. ஆனால் அந்த அளவுக்குத் தைத்த சட்டை கோல்ட்வாட்டரைத் தவிர எல்லோருக்கும் பொருந்தியது. கோல்ட்வாட்டர் முதுகில் அம்பு குத்தியது போல வைத்துக்கொண்டு புகைப்படக்காரர்களுக்குக் காட்சி கொடுத்தார். உடனே ஐசனோவர், நான் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை என்று பின்வாங்கிக்கொண்டார்.

அதோடு விட்டாரா? ஜூன் 6 அன்று பென்சில்வேனியா ஆளுநர் வில்லியம் ஸ்க்ரான்டனைத் தன் கெட்டிஸ்பர்க் பண்ணை வீட்டுக்கு அழைத்துப் பேசினார். ஸ்க்ரான்டன் வெளியே வந்தபோது, பெரியவர் நம்மை நிற்கச் சொல்லிவிட்டார் என்றே நினைத்தார். மறுநாள் கிளீவ்லாந்தில் தொலைக்காட்சிப் பேட்டி. போட்டியிடுகிறேன் என்ற அறிக்கை அவரிடம் தயாராக இருந்தது. பேட்டிக்கு முன்னால் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் ஐசனோவர்: யாரையும் கவிழ்க்கும் கூட்டு எதிலும் எனக்குப் பங்கில்லை, பார்த்துக்கொள். ஸ்க்ரான்டன் அந்தக் காகிதத்தை எடுக்கவே இல்லை. கேள்விகளுக்கு மென்று விழுங்கி ஏதோ சொல்லி, நாடு பார்க்க அசடு வழிந்தார். ஐந்து நாள் கழித்து, ஜூன் 12 அன்று, அவமானம் தாங்காமலோ என்னவோ நானும் போட்டியில் இருக்கிறேன் என்று அறிவித்தார். அதற்குள் கடையே கட்டியாகிவிட்டது.

மாநாட்டுக்கு முந்தின நாள் ஸ்க்ரான்டன் பெயரில் கோல்ட்வாட்டருக்கு ஒரு கடிதம் போனது. அபத்தமும் ஆபத்தும் நிறைந்த ஒட்டுப்போட்ட கந்தல் என்கிற பாணியில் வசை. எழுதியது அவர் ஊழியர்கள், அவர் அதைப் படிக்கவே இல்லை. ஆனாலும் பொறுப்பு என்னுடையது என்று நின்றார். கோல்ட்வாட்டர் ஆட்கள் அதைப் பிரதியெடுத்து எல்லாப் பிரதிநிதிகளுக்கும் விநியோகித்தார்கள். எதிராளி தரும் துண்டறிக்கையைவிடப் பலமான பிரசாரம் உண்டா?

மாநாட்டில் ஸ்க்ரான்டன் பெயரை முன்மொழிந்தவர் மில்டன் ஐசனோவர், பெரியவரின் சொந்தத் தம்பி. அண்ணன் வாய் திறக்கவில்லை. முதல் சுற்றிலேயே கோல்ட்வாட்டருக்கு 883, ஸ்க்ரான்டனுக்கு 214. செப்டம்பரில் அதே கெட்டிஸ்பர்க் பண்ணையில் ஐசனோவரும் கோல்ட்வாட்டரும் உட்கார்ந்து பேசும் பிரசாரப் படம் ஒளிபரப்பானது. இவர் அணுகுண்டுப் பித்தர் என்பதெல்லாம் சுத்தப் பிதற்றல் என்றார் ஐசனோவர். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை உண்டு. ஆனால் இந்த நான்கு மாதத்தில் அவர் செய்ததைப் பார்த்தால், அந்தப் போரில் நார்மண்டிக் கடற்கரையில் படையை இறக்க நாள் குறித்தவர் இவர்தானா என்று தோன்றும்.

கோல்ட்வாட்டர் பெயரை முன்மொழிந்தவர் யார் தெரியுமா? எவரெட் டர்க்சன், செனட்டில் கட்சித் தலைவர். சிவில் உரிமைச் சட்டத்தைப் பேசியே சாகடிக்கப் பார்த்த கூட்டத்தை முறியடிக்கத் தன் கட்சி ஓட்டுகளைத் திரட்டித் தந்தவரே அவர்தான். ஐந்து வாரம் கழித்து, அதை எதிர்த்து ஓட்டுப் போட்டவரை அதிபராக்குங்கள் என்று மேடையில் முழங்குகிறார். எதிர்த்துப் பயனில்லை, ஜெயிக்கும் பக்கம் நின்றால் நாளைக்குச் சொல் எடுபடும் என்ற கணக்கு.

ஜூலை 16, ஏற்புரை. வேட்பாளரை அறிமுகம் செய்து வைத்தவர் ரிச்சர்ட் நிக்சன், 1960இல் இதே கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்று தோற்றவர். இனிப் பிளவை ஆற்றுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தபோது கோல்ட்வாட்டர் சொன்னார்: “சுதந்திரத்தைக் காப்பதில் தீவிரம் குற்றமில்லை, நீதியைத் தேடுவதில் மிதம் பெருமையுமில்லை.” ராக்ஃபெல்லர் கேட்ட அந்த ஒரு வரிக்கு இது நேர் பதில். அரங்கம் அதிர்ந்தது. நிக்சன் கை தட்டவில்லை என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கை தட்டாத அதே நிக்சன்தான் அடுத்து வேறு எந்தத் தலைவரும் செய்யாத அளவுக்கு, முப்பத்தைந்து மாநிலத்துக்கும் மேல் சுற்றி அவருக்காகப் பிரசாரம் செய்தார். தோற்கப் போகிறவருக்காக வியர்வை சிந்தினால் தோற்றபின் தொண்டன் நம்மை மறக்க மாட்டான் என்று கணக்குப் போட்டார். 1968இல் மயாமி மாநாட்டில் முதல் சுற்றிலேயே வேட்பாளரானார். அப்போதும் எதிரே நின்ற ராக்ஃபெல்லர் அப்போதும் தோற்றார்.

இங்கேதான் எனக்குத் தோன்றும் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்தத் தலைவர்கள் எல்லோரிடமும் இருந்த திட்டம் ஒன்றேதான்: எப்படியும் இவர் தோற்றுவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு நவம்பர்வரை போனால், பிறகு வீடு நம் கைக்கு வந்துவிடும். தோற்றார், அதில் குறையில்லை. எதிரே நின்ற ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சனுக்கு 61 சதவீத ஓட்டு, மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர்களில் 486 பேர். கோல்ட்வாட்டருக்கு 52. சொந்த அரிசோனாவைத் தவிர அவர் ஜெயித்தது மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, தென் கரோலினா. தெற்கு அந்த ஜூன் 19 ஓட்டை எப்படிப் படித்தது என்பதற்கு இதுதான் விடை. நிக்சன் 1960இல் கறுப்பினத்தவர் ஓட்டில் சுமார் மூன்றில் ஒன்றை வாங்கியிருந்தார், 1964இல் அது ஆறு சதவீத அளவுக்கு வந்துவிட்டது.

ஆனால் வீடு திரும்பி வரவில்லை. வட்டக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போகவே இல்லை. தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் கோல்ட்வாட்டருக்காகத் தொலைக்காட்சியில் அரை மணி நேரம் பேசிய ரொனால்ட் ரீகன் என்ற நடிகர் 1966இல் கலிஃபோர்னியா ஆளுநர், 1980இல் அதிபர். போதாதா?

ஒரு நண்பர் அங்கிருந்து கேட்கிறார், எதிர்த்து நின்றவர்களாவது பிழைத்தார்களா என்று. நல்ல கேள்வி. அங்கே அந்தக் காலத்தில் பல மாநிலங்களில் ஓட்டுச் சீட்டில் கட்சிப் பெயருக்கு ஒரே ஒரு குறி போட்டால் அதிபரிலிருந்து உள்ளூர்ப் பதவிவரை எல்லாம் அந்தக் கட்சிக்குப் போய்விடும். மேலே உள்ள பெயர் மூழ்கினால் கீழே உள்ளவனும் மூழ்குவான். நியூயார்க் செனட்டர் கீட்டிங், கோல்ட்வாட்டரை ஆதரிக்க மாட்டேன் என்றார். ராபர்ட் கென்னடியிடம் தோற்றார். இல்லினாயில் ஆளுநர் பதவிக்கு நின்ற சார்லஸ் பெர்சி அரை மனதாக ஆதரித்தார், அவரும் தோற்றார். மிச்சிகன் ஆளுநர் ஜார்ஜ் ராம்னி, ஆகஸ்டில் ஹெர்ஷி என்ற சாக்லேட் ஊரில் சமாதானக் கூட்டம் போட்டபோதும் மனம் மாறவில்லை, கடைசிவரை ஆதரவு தரவில்லை. அவர் மாநிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு ஜான்சனுக்குப் போனது, ராம்னியோ ஆளுநராக மறுபடி ஜெயித்தார். தன் பெயருக்குத் தனியாக ஓட்டு இருப்பவன் பிழைத்தான், அவ்வளவுதான்.

2016ஐ நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள், வேகமாகப் போகிறேன். டிரம்ப். மறுபடி அதே திட்டம், எப்படியும் தோற்றுவிடுவார். நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் பால் ரயன் மே மாதம், இன்னும் நான் தயாராகவில்லை என்றார். ஜூன் 2 அன்று சொந்த ஊர்ப் பத்திரிகையில் ஆதரவுக் கட்டுரை. ஜூன் 7 அன்று, ஒரு நீதிபதியைப் பற்றி டிரம்ப் சொன்னது இனவெறிக்குப் பாடப்புத்தக உதாரணம் என்றார், ஆதரவை விலக்கவில்லை. அக்டோபரில், பெண்களைப் பற்றி டிரம்ப் கேவலமாகப் பேசிய ஒலிப்பதிவு வெளிவந்ததும், இனி இவருக்காகப் பரிந்து பேச மாட்டேன் என்றார். கிளீவ்லாந்தில் மாநாடு, அது ஒகையோ மாநிலம். அதன் ஆளுநர் கேசிக் மாநாட்டு அரங்கத்துக்குள் கால் வைக்கவில்லை. வீட்டில் கல்யாணம், வீட்டுக்காரர் வாசலோடு போய்விட்டார்.

நியூ ஹாம்ப்ஷயர் செனட்டர் கெல்லி அயோட்தான் இதில் எனக்குப் பிடித்தவர். டிரம்பை ‘ஆதரிக்கிறேன், பரிந்துரைக்கவில்லை’ என்றார். நீங்களும் நானும் அகராதி புரட்டினால் வித்தியாசம் கிடைக்குமா? அக்டோபர் விவாதத்தில், குழந்தைகளுக்கு டிரம்ப் ஒரு முன்மாதிரியா என்று கேட்டார்கள். கண்டிப்பாக என்றார். சில மணி நேரத்தில், வாய் தவறிவிட்டது என்றார். அதே வாரம் ஆதரவையும் விலக்கிக்கொண்டார். இரண்டு பக்கமும் கோபம். ஏழு லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்த தேர்தலில் 1,017 ஓட்டில் தோற்றார். அதிபர் தேர்தலில் டிரம்ப் ஜெயித்துவிட்டார். 2024இல் டிரம்பை ஆதரித்தபடியே போட்டியிட்டு அயோட் அந்த மாநில ஆளுநரானார்.

முடிக்கும் முன் ஜார்ஜ் ராம்னிக்குத் திரும்புகிறேன். 1964இல் அவர் மகன் மிட்டுக்குப் பதினேழு வயது. அந்த மிட் ராம்னி 2016 மார்ச் 3 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் நின்று, டிரம்ப் ஒரு போலி, ஒரு மோசடி என்று பேசினார். நவம்பரில், டிரம்ப் ஜெயித்தபின், வெளியுறவு அமைச்சர் பதவி கிடைக்குமா என்று நியூயார்க்கில் அவரோடு இரவு விருந்துக்குப் போனார். அந்தப் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். டிரம்ப் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார், ராம்னி திரும்பிப் பார்க்கும் முகம் மாட்டிக்கொண்ட முகம். பதவி வேறொருவருக்குப் போனது. 2018இல் செனட்டுக்கு நின்றபோது டிரம்ப் தந்த ஆதரவை நன்றியோடு வாங்கிக்கொண்டார். 2020 பிப்ரவரி 5 அன்று, பதவி நீக்க விசாரணையில், டிரம்ப் குற்றவாளி என்று ஓட்டுப் போட்ட ஒரே குடியரசுக் கட்சி செனட்டர் அவர்தான். 2023 செப்டம்பரில், மறுபடி போட்டியிடவில்லை என்று அறிவித்துவிட்டார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். டீ வந்துவிட்டது என்கிறார்கள், குடித்துக்கொண்டே பேசலாம்.