லைப்ரேரியனிடம் எப்போது போக வேண்டும்?

(திரையில்: பல்கலைக்கழக நூலக வாசல். வருகைப் பதிவேட்டில் ஒரு கை அவசரமாகக் கையெழுத்துப் போடுகிறது.)

வணக்கம். ஒரு பேராசிரியர் அரக்கப் பரக்க நூலகத்துக்குள் நுழைகிறார் என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது. இல்லையென்றால் மாணவரின் ஆய்வேடு மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் ஒப்புமைச் சான்றிதழ் இன்றைக்கே வேண்டும். ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஆடிக் கடைசியில் மண்டபம் தேடுவது மாதிரிதான் இது. லைப்ரேரியனால் அதிகம் உதவ முடிவது வேலையின் தொடக்கத்தில்.

(திரையில்: கணினியில் தேடல் பெட்டி.)

தாமிரபரணிப் பாசனத்தைப் பற்றி ஒருவர் ஆய்வைத் தொடங்குகிறார் என்று வையுங்கள். இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் திருநெல்வேலி என்று போட்டுத் தேடினால் புதிய கட்டுரைகள் வரும். ஹெச். ஆர். பேட் தொகுத்து 1917இல் வந்த மாவட்ட கெசட்டியர், அதாவது அரசின் மாவட்ட விவர நூல், கண்ணில் படாமலே போகலாம். கால்டுவெல் 1881இல் வெளியிட்ட மாவட்ட வரலாறும் அப்படித்தான். இரண்டின் தலைப்பிலும் ஊர் ‘டின்னவெல்லி’யாக இருக்கிறது. ஆற்றின் கதை இன்னும் மோசம். ஹெச் சேர்த்து ஒரு தாமிரபரணி, சேர்க்காமல் ஒன்று, வெள்ளைக்காரர் எழுதிய ‘தாம்பிரபர்ணி’ ஒன்று, தமிழ்க் கட்டுரைகளில் பொருநை வேறு.

அதோடு முடியவில்லை. தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது 1986இல், தென்காசி பிரிந்தது 2019இல். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு இன்று தூத்துக்குடி மாவட்டம். ஆனால் அதைப் பற்றிய பழைய ஆவணங்களை நெல்லை மாவட்டத்தின் பெயரில்தான் தேட வேண்டும். அனுபவமுள்ள லைப்ரேரியன் இந்த எழுத்துக்கூட்டல்களையெல்லாம் இடையில் ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ (OR) போட்டு ஒரே தேடலாகக் கோத்துத் தருவார். கையோடு சோத்கங்காவையும் திறந்து, இதே தலைப்பில் ஏற்கெனவே யாராவது பிஎச்.டி. முடித்திருக்கிறார்களா என்று பார்ப்பார். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்து வைக்கும் களஞ்சியம் அது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் நடத்துகிறது. தலைப்பைப் பதிவு செய்து இரண்டு வருஷம் கழித்து அங்கே போய்ப் பார்த்து என்ன பிரயோஜனம்?

(திரையில்: பணம் கேட்கும் ஒரு ஆய்விதழின் பக்கம்.)

சரி, கட்டுரை கண்ணில் பட்டுவிட்டது, திறக்கப் பணம் கேட்கிறது. கார்டை எடுக்காதீர்கள். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும். அரசு நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கு இது 2025 முதல் கிடைக்கிறது. அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் மாதிரியான மாநிலப் பல்கலைக்கழகங்களும் இந்த வரம்புக்குள் வருகிறவை. சுயநிதிக் கல்லூரிகளுக்கு இந்த வசதி இல்லை என்பது எனக்கு உறுத்தலான விஷயம், நம் பக்கத்தில் அவைதானே அதிகம். அங்கே பாடம் எடுப்பவர்கள், கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் தங்கள் கல்லூரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேர்ந்திருந்தால் உங்கள் பெயரில் ஒரு லாகின் வாங்கிக்கொள்ளலாம்.

கற்பித்தலுக்கு வருவோம். செமஸ்டர் தொடங்கும் முன்பே பாடத்திட்டத்தை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டால், இருக்கிற புத்தகங்களில் ஒரு பிரதியை வெளியே விடாமல் ரெஃபரன்ஸ் பிரிவில் வைப்பார்கள். இல்லாததற்குப் பரிந்துரைப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். புத்தகம் வாங்கும் வேலை கொட்டேஷன், ஒப்புதல், பில் என்று மெதுவாகத்தான் நகரும். செமஸ்டர் நடுவில் கேட்டால் அடுத்த பேட்ச் மாணவருக்குத்தான் அது கிடைக்கும்.

அப்புறம் எல்லோருக்கும் உள்ள சந்தேகம்: புத்தகத்தின் சில பக்கங்களை வகுப்புக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாமா? டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மேல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. பாடம் நடத்தத் தேவையான அளவுக்குப் பகுதிகளை நகல் எடுக்கச் சட்டம் இடம் தருகிறது என்று 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு பதிப்பகங்களே வழக்கிலிருந்து விலகின. அதற்காக அட்டை முதல் அட்டை வரை எடுத்துக் கடையில் விற்கலாம் என்று அர்த்தமில்லை அண்ணாச்சி.

(திரையில்: கைப்பேசியில் ஒரு மின்னஞ்சல். ‘மூன்றே நாளில் உங்கள் கட்டுரை வெளியாகும்.’)

போலி ஆய்விதழ்கள் அனுப்பும் இந்த மெயில் வராத பேராசிரியர் கிடையாது. முன்பு பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஏற்ற இதழ்களைச் சொல்லும் யுஜிசி-கேர் பட்டியலைப் பார்த்தால் போதும் என்று இருந்தது. அந்தப் பட்டியலைக் கைவிடுவதாக 2025 பிப்ரவரியில் யுஜிசி அறிவித்துவிட்டது. இதழின் தரத்தை நிறுவனங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இதழ்களுக்கு அடையாளமாகத் தரும் ஐஎஸ்எஸ்என் எண் அந்த இதழுடையதுதானா, ஆசிரியர் குழுவில் இருப்பதாகப் போட்டிருப்பவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அதைக் குறிப்பிடுகிறார்களா, ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொல்லும் இதழ் இப்போதும் இருக்கிறதா, நீக்கப்பட்டதா? லைப்ரேரியன் அரைமணி நேரத்தில் சொல்லிவிடுவார். பணம் கட்டிய பிறகு கேட்டால் அவரும் உங்களோடு சேர்ந்து வருத்தப்படலாம், அவ்வளவுதான்.

கடைசியில் ஒப்புமை அறிக்கை. யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. உரிய முறையில் காட்டிய மேற்கோள்களும் நூற்பட்டியலும் கணக்கில் சேராது. அதனால் 18 சதவீதம் என்று வந்ததும் பதற வேண்டாம். எந்தெந்தப் பகுதி சிவப்பில் வந்திருக்கிறது என்று லைப்ரேரியனோடு உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு இயல் முடிந்ததும் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

இன்னொரு சின்ன வேலை, பெயர். எஸ். முருகன் என்ற பெயரில் நம் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்! வெளிநாட்டுத் தரவுத்தளம் இனிஷியலைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு ஒரே ஆளை இரண்டாக்கும், இரண்டு பேரை ஒருவராக்கும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கிடைக்கும் ஆர்க்கிட் என்ற 16 இலக்க எண் இதற்குத்தான். கட்டணம் கிடையாது. பழைய கட்டுரைகளை அதில் ஏற்றுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். வெளியீட்டுப் பட்டியலை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு, கூட்டமில்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போங்கள்.